குத்துவரிசை வகுப்பில் ஸ்பாரிங் சேர்க்க எந்த வரிசையில் போவது?

ஈசூன்கம்பு கேட்டது:

வணக்கம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எட்டுப் பேர் கூடுகிறோம். சிமென்டுத் தரை. சிலம்பமும், வெறுங்கைச் சண்டைமுறையான குத்துவரிசையும் பழகுகிறோம். இருவர் பயிற்சி எல்லாமே முன்கூட்டிப் பேசிவைத்தது: ஒருவர் வலக்கைக் குத்து விடுவார், மற்றவர் தட்டி, மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கி, மண்டிபோட வைப்பார். அதுவரை குத்தியவர் கையை நீட்டியபடியே நிற்பார். பிடிவரிசை எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதிரில் இருப்பவர் கையைச் சற்று இழுத்துக்கொண்டால் ஒன்றும் அமைவதில்லை.

இனி ஸ்பாரிங், அதாவது எதிராளி உண்மையாகவே எதிர்க்கும் பயிற்சிச் சண்டை, வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது? எந்தக் கவசத்தை முதலில் வாங்குவது? சிமென்டுத் தரையில் எதுவரை போகலாம்? கத்திக்கு எதிராகச் சொல்லிக்கொடுத்த பிடிகள் உண்மையிலேயே நிற்குமா என்று எப்படிச் சோதிப்பது? குழுவில் 17 வயதுத் தம்பி ஒருவர், 52 வயது அண்ணன் ஒருவர், பெண்கள் இருவர். எடை 48 கிலோவிலிருந்து 94 கிலோ வரை.

மூன்றாம்சுற்று எழுதியது:

குத்தியவர் கையை நீட்டியபடி நிற்கிறார் என்றீர்களே, முதலில் மாற்ற வேண்டியது அதுதான். கையுறை வாங்குவதெல்லாம் அப்புறம். வரும் சனிக்கிழமையே ஒரே ஒரு விதி வையுங்கள்: குத்திய வேகத்திலேயே கை தாடைக்குத் திரும்ப வேண்டும். வேகம் பாதி போதும். மணிக்கட்டைப் பிடிக்கப் போன கை காற்றைத்தான் பிடிக்கும். மனம் தளர வேண்டாம், எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். இரு முன்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்து, எதிராளியின் புயத்தை முழங்கைக்கு மேலே சேர்த்துக் கட்டுவது மிஞ்சும். மணிக்கட்டுதான் கையிலேயே வேகமாக நகரும் இடம். புயம் தோளோடு ஒட்டியிருப்பதால் அவ்வளவு வேகமாக ஓடாது. பிடிவரிசையில் உங்களிடம் இருப்பதில் பாதியை இந்தக் கட்டிலிருந்து தொடங்கினால் உயிரோடு மீட்கலாம்.

அடுத்தது தொடு ஆட்டம். தோளையும் முழங்காலையும் உள்ளங்கையால் தொட வேண்டும், தன்னைத் தொட விடக்கூடாது. சுற்று 90 வினாடி, ஓய்வு 30 வினாடி, உடனே ஆள் மாற்றம். எட்டுப் பேர் என்றால் ஏழு சுற்றில் எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடலாம், 14 நிமிடம்தான். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று தள்ளிவிட வேண்டாம். எட்டும் தூரம் எது, எட்டாத தூரம் எது என்று கால் கற்றுக்கொள்வது இங்கேதான். தூரம் தெரியாதவர் கையுறை மாட்டினால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் பாய்வார். புதுக் குழுக்களில் மூக்கு உடைவது பெரும்பாலும் அப்படித்தான்.

மூன்று நான்கு வாரம் கழித்துக் கையுறை. ஒருவருக்கு, முன்னால் நிற்கும் கையின் நேர்குத்து மட்டும். மற்றவருக்குத் தடுப்பும் காலடியும் மட்டும், திருப்பி அடிக்கக் கூடாது. சுற்று முடிந்ததும் மாறிக்கொள்ளுங்கள். பிறகு இருவருக்கும் நேர்குத்து. பிறகு தோளுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எதை வேண்டுமானாலும். தலைக்கு நேர்குத்து தவிர மற்றவை கடைசி. குத்துவரிசைக்காரர்கள் அடிக்காத கையை இடுப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நேர்குத்துச் சுற்றிலேயே தானாகக் கழன்றுவிடும். திட்டித் திருத்த வேண்டியதில்லை, முகத்தில் லேசாக நாலு முறை பட்டால் கை மேலே வந்துவிடும்.

ஸ்பாரிங்கில் முக்கியமான சிக்கல் வேகம் ஏறிக்கொண்டே போவது. "பத்தில் மூன்று பலம்" என்று சொல்லித் தொடங்குவார்கள், மூன்றாவது நிமிடத்தில் ஏழாகிவிடும். யாருடைய குணமும் காரணம் இல்லை. நாம் கொடுக்கும் விசை நமக்குக் குறைவாகத் தெரியும், வாங்கும் விசை கூடுதலாகத் தெரியும். நம் கை அசைவால் வரும் உணர்வை மூளை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. இருவரும் "நான் வாங்கிய அளவுதான் கொடுத்தேன்" என்று நேர்மையாகவே சொல்வார்கள், ஆனால் இருவரும் ஏற்றிக்கொண்டே போயிருப்பார்கள். அதனால் எண்ணை நம்பாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற அளவுகோல் வையுங்கள்: முகத்தில் பட்டால் தலை பின்னால் போகக் கூடாது, உடம்பில் பட்டால் மூச்சு வாங்கக் கூடாது. வெளியே நிற்கும் ஒருவர் இதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலை ஆடியது தெரிந்ததும் "நிறுத்து". 10 வினாடி நடக்க விட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். குற்றம் சாட்ட வேண்டாம்.

94 கிலோக்காரரும் 48 கிலோக்காரரும் ஜோடி சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் விதி சமமாக இருக்கக் கூடாது. பெரியவருக்கு இடக்கை மட்டும், அதுவும் உடம்பில் மட்டும். சிறியவருக்கு எல்லாம் உண்டு. பெரியவர் அதில் காலடியும் தடுப்பும் கற்பார், சிறியவர் கனமான ஆளின் தூரத்தைக் கற்பார்.

வாங்கும் வரிசையில் முதலில் பல்காப்பு. வெந்நீரில் இளக்கிக் கடித்து அமைக்கும் வகையே போதும், ஆனால் சரியாக அமைக்க வேண்டும். வாயை லேசாகத் திறந்தால் கீழே விழுகிறது என்றால் அமையவில்லை, மறுபடி வெந்நீரில் போடுங்கள். அடுத்து ஸ்பாரிங்குக்கென்றே 16 அவுன்ஸ் கையுறை, அதாவது ஒரு கைக்கு 450 கிராம் அளவு. 48 கிலோ ஆளுக்கு 14 போதும். குத்து மூட்டையில் பழகும் கையுறையை ஸ்பாரிங்குக்குக் கொண்டுவரக் கூடாது. விரல்முட்டிப் பக்கத்துப் பஞ்சு அமுங்கிக் கல்லாகியிருக்கும். உள்ளே 4.5 மீட்டர் கைக்கட்டுத் துணி. ஆண்களுக்குப் பிறப்புறுப்புக் கவசம். உதை சேர்க்கும் நாளில் முழங்காலுக்குக் கீழே கால் முன்பக்கக் கவசம். தலைக்கவசத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்று கீழே யாராவது எழுதுவார்கள்.

சிமென்டுத் தரையில் வீழ்த்துதல் வேண்டவே வேண்டாம். குத்து வாங்கியதைவிட விழுந்து பின்மண்டை தரையில் மோதுவதுதான் ஆபத்து. நின்றபடி கட்டிப்பிடித்துத் தள்ளுவது வரை செய்யலாம், கால் தட்டக் கூடாது. விழப் பழக வேண்டுமென்றால் 4 செ.மீ. கனமுள்ள இணைப்பு மெத்தைத் துண்டுகள், 1 மீட்டருக்கு 1 மீட்டர், 16 துண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஜோடிக்குத்தான் அது காணும். 2 செ.மீ. துண்டு உடற்பயிற்சிக்குத்தான் ஆகும், விழுவதற்கு ஆகாது. வழவழப்பான சிமென்டில் இணைப்புகள் விலகி இடுக்கு விழும், கால் விரல் அதில் மாட்டும். சுற்றுக்குச் சுற்று காலால் தட்டிச் சேர்க்க ஒருவரை நிறுத்துங்கள்.

பழையவாசல் எழுதியது:

நல்ல எண்ணத்தில் சொல்கிறேன், ஸ்பாரிங் ஒன்றே வழி என்று போய்விட வேண்டாம். நம் கலையின் அடிகள் கண், தொண்டை, வர்ம இடங்களைக் குறிவைப்பவை. அவற்றைக் கையுறை மாட்டி விளையாட முடியாது. விதிக்குள் ஆடிப் பழகிய கை, ஆபத்து நேரத்திலும் விதிக்குள்ளேதான் நிற்கும். ஆசான்கள் வரிசையாகக் கட்டிக் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

புயக்கட்டு எழுதியது:

@பழையவாசல் ஐயா, உங்கள் கவலையில் ஒரு பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். விதி பழக்கமாகும். பெரிய கையுறைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துப் பழகியவருக்கு வெறுங்கையில் அந்தச் சுவர் இல்லை. தரைப் பிடி மட்டும் பழகியவர் சிமென்டில் தானாகவே படுத்துவிடுவார். மடக்கிய கைமுட்டியால் தலையில் குத்துபவருக்குக் கையுறை இல்லாத நாளில் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பின் கழுத்து உடையும், மருத்துவமனையில் அதற்குக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே பெயர். வெறுங்கையில் தலைக்கு உள்ளங்கை, உடம்புக்குக் கைமுட்டி என்று தொடக்கத்திலிருந்தே பழக்குங்கள்.

ஆனால் மறுபாதிக்கு ஜூடோவின் வரலாறே பதில். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக்கலையான ஜூஜுட்சுவின் ஆபத்தான அடிகளைத் தனி வரிசைகளுக்குள் வைத்தார். எதிராளி முழு மூச்சாக எதிர்க்கும் ராண்டோரி என்ற பயிற்சிக்கு, காயமின்றி முழு பலத்தோடு செய்யக்கூடியவற்றை விட்டார். அதனால் அவர் மாணவர்கள் தினமும் உண்மையான எதிர்ப்பைச் சந்தித்தார்கள். கண்ணைக் குறிவைக்கும் விரலும் ஒரு நேர்குத்துதான். நேர்குத்தால் அசையும் தலையைத் தொட முடியாதவரால் கண்ணைத் தொட முடியாது, கண் அதைவிடச் சின்ன இலக்கு. வரிசையை விட வேண்டாம் ஐயா, அதற்கு உயிர் கொடுக்கும் இடம் ஸ்பாரிங்.

இனி @ஈசூன்கம்பு அண்ணா கேட்காமல் விட்டது ஒன்று. ஸ்பாரிங்கும் தற்காப்பும் ஒன்றல்ல. ஸ்பாரிங்கில் இருவரும் தயார், எதிரெதிரே, இடம் தாராளம். தற்காப்பில் தொடக்க நிலை கெட்டது, முடிவு வெளியேறுவது. ஆகவே அடிக்கும் முறையை மாற்றாமல் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றுங்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு தூணையும் சுவரையும் பயன்படுத்துங்கள். தரையில் டேப் ஒட்டி 1.5 மீட்டர் சதுரம் போட்டால் மின்தூக்கி தயார். 6 மீட்டர் தள்ளி ஒரு செருப்பை வைத்து அதுதான் வாசல் என்று சொல்லுங்கள். தாக்குபவருக்கு "இரண்டாம் எண் பிடி" என்று கட்டளை தராமல் ஒரு நோக்கம் தாருங்கள்: பையைப் பிடுங்கு, சட்டையைப் பிடித்துச் சுவரோடு அமுக்கு, வாசலுக்குப் போக விடாதே. தற்காப்பவரின் நோக்கம் எப்போதும் ஒன்றே, செருப்பைத் தாண்டுவது. ஒரு முறைக்கு 10 முதல் 15 வினாடி. அதற்கு மேல் போனால் இருவரும் ஸ்பாரிங்குக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். கைகள் மார்பளவில், உள்ளங்கை வெளியே, சமாதானம் பேசுகிற தோரணை. பார்ப்பவருக்கு அது பணிவு, உங்களுக்கு அது காவல் நிலை. தாக்குபவர் நாலில் ஒரு முறை, பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டும், இது அவருக்கும் நடத்துபவருக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். இதை விட்டுவிட்டால் பேசத் தொடங்கியதும் அடிக்கத்தான் பழகுவோம். போகிறவனைத் துரத்தி அடித்தவருக்கு அந்த முறை தோல்வி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

விழுந்தால் எழும் முறையைத் தனியாகப் பழகுங்கள், மெத்தையில். இடது பிட்டத்தின் மேல் அமர்ந்து, இடக்கையைப் பின்னால் ஊன்றுங்கள். வலது பாதம் தரையில் தட்டையாக, வலக்கை முகத்துக்கு முன்னால். இடது கால் எதிராளியின் முழங்காலை நோக்கி உதைக்கத் தயாராக. அவர் சற்று விலகியதும், ஊன்றிய கையிலும் வலது பாதத்திலும் எடையை ஏற்றி இடுப்பைத் தூக்கி, இடது காலை உடம்புக்கு அடியால் இழுத்து, ஊன்றிய கைக்கும் பின்னால் வையுங்கள். கை கடைசியாகத்தான் தரையை விட வேண்டும். கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, தரையைப் பார்ப்பார்கள். இரண்டு, காலை இழுக்காமல் திரும்பித் தவழ்ந்து எழுவார்கள், அப்போது முதுகு முழுவதும் எதிராளிக்கு. பக்கத்துக்குப் பத்து முறை சும்மா, பிறகு ஒருவர் தோளைத் தள்ளிக்கொண்டிருக்க ஐந்து முறை.

தாதி_சுமதி எழுதியது:

தலைக்கவசத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அது வெட்டுக் காயத்தையும் காது நசுங்குவதையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. அனைத்துலக அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-இல் மூத்த ஆண்கள் பிரிவுக்குத் தலைக்கவசத்தை எடுத்தேவிட்டார்கள். நம் மாதிரிக் குழுக்களில் அதை மாட்டியதும் "பரவாயில்லை, அடி" என்ற தைரியம் வருகிறது, தலையில் விழும் அடிகளின் எண்ணிக்கை கூடுகிறது. மோதிக்கொள்ளும் நெற்றிகளுக்காக வாங்குங்கள், பலமாக அடிக்க அனுமதிச் சீட்டாக வாங்காதீர்கள்.

மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் போட்டு விழ வேண்டியதில்லை. தலைவலி, மங்கலாகத் தெரிவது, சுற்றுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, வழக்கத்துக்கு மாறாக மந்தமாக இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது. "இப்போ சரியாயிட்டேன்" என்றாலும் அன்று திரும்பக் கூடாது. தனியாக வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது: ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டுக்குள் லேசாக நடமாடலாம், கைப்பேசித் திரை குறைவாக. பிறகு நடை, மெல்லோட்டம், நிழல் குத்து (ஆளில்லாமல் காற்றில் குத்துவது), குத்து மூட்டை, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. ஆள் மீது ஆள் படும் பயிற்சி மருத்துவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான். 17 வயதுத் தம்பிக்கு இன்னும் மெதுவாகப் போங்கள், வளரும் வயதில் தேறுவதற்கு நாள் கூடுதலாகப் பிடிக்கும். அவருக்குத் தலை ஸ்பாரிங்கே வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டிப்பிடிக்கும் பயிற்சி தொடங்கினால் படர்தாமரை வரும், நம் ஊர் வெக்கையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தால் வேகமாகப் பரவும். நகத்தை ஒட்ட வெட்டுவது, மோதிரம் காதணி கழற்றுவது, முடிந்ததும் மெத்தையைக் கிருமிநாசினியால் துடைத்து உலரவிடுவது, உடனே குளிப்பது. வட்டமாகச் சிவந்து ஓரத்தில் செதில் உரிகிற புண் தெரிந்தால், மருந்து போட்டு ஆறும்வரை அவருக்குத் தொடு பயிற்சி இல்லை.

மூன்றாம்சுற்று எழுதியது:

கத்திப் பயிற்சி விடுபட்டுவிட்டது. சோதனை எளிது. பழைய வெள்ளை டீ-சட்டை, துவைத்தால் போகும் சிவப்பு மார்க்கர், இருவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி. தாக்குபவர் மார்க்கரை மறைத்து வைத்துக்கொண்டு, மறுகையால் சட்டையைப் பிடித்து, வேகமாகக் குத்திக் குத்தி இழுக்க வேண்டும். படத்தில் போல ஒரே ஒரு பெரிய வீச்சோடு நிற்கக் கூடாது. 10 வினாடி. பிறகு சட்டையை விரித்து வைத்துக் கோடுகளை எண்ணுங்கள். கழுத்து, முன்கையின் உட்புறம், வயிறு இவற்றைத் தனித்தனியாக. நன்றாகப் பழகியவர்களின் சட்டையும் சிவந்துதான் இருக்கும்.

அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு பேச வேண்டியது தூரம். 1983-இல் அமெரிக்கக் காவல்துறைப் பயிற்றுநர் டென்னிஸ் டூலர், கத்தியோடு ஓடி வருபவர் 21 அடியை, அதாவது 6.4 மீட்டரை, ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடப்பதாக எழுதினார். துப்பாக்கி உருவும் நேரத்தை வைத்து அவர் எழுதியது. நமக்கு அதில் உள்ளது, கத்தி தெரிகிற தூரத்தில் யோசிக்க நேரம் கிடையாது என்பது. பணப்பையைக் கேட்டால் எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். ஓட வழியில்லை என்றால் பையோ நாற்காலியோ நடுவில் வர வேண்டும். அதுவும் இல்லாதபோதுதான் கை: கத்திக் கையை இரண்டு கைகளாலும், முழங்கையை ஒட்டி, உங்கள் மார்போடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு கையால் மணிக்கட்டைப் பிடிக்கும் எதுவும் மார்க்கர் சோதனையில் நிற்பதில்லை.

சட்டமும் பயிற்சிக்குள் வரட்டும். சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் 96-ஆம் பிரிவிலிருந்து தற்காப்பு உரிமை சொல்லப்பட்டிருக்கிறது. தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தராது. கீழே விழுந்தவரை மிதித்து "முடிக்கும்" வரிசைகள் சில வகுப்புகளில் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, விழுந்ததும் இரண்டடி பின்வாங்கிச் சுற்றிலும் பார்த்து வெளியேறுவதை அந்த இடத்தில் வையுங்கள். மிளகுத் தெளிப்பானை உரிமம் இல்லாமல் இங்கே வைத்திருக்க முடியாது, இணையத்தில் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வெளியேறியதும் காவல்துறைக்கு 999. பேச முடியாத நிலை என்றால் 70999-க்குக் குறுஞ்செய்தி, எந்த புளோக், எந்தச் சாலை என்பதோடு. பாவனைப் பயிற்சியின் கடைசியில் இதையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்போது சொந்த புளோக் எண்ணே குழறும்.

ஈசூன்கம்பு எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தொடு ஆட்டத்தை இந்தச் சனிக்கிழமையே தொடங்குகிறோம், தம்பிக்குத் தலை ஸ்பாரிங் இல்லை என்று முடிவு செய்தாயிற்று. ஒன்று மட்டும்: சிலம்பத்துக்கும் இதே முறை ஆகுமா? எங்கள் கம்புகள் பிரம்பு.

புயக்கட்டு எழுதியது:

ஆகும் அண்ணா, ஆனால் பிரம்போடு வேண்டாம். வீச்சில் வரும் பிரம்பு விரலில் பட்டால் விரல் உடையும், கம்பைப் பிடித்திருக்கும் விரல்தான் எதிராளிக்குக் கிட்டத்தில் இருக்கும் இலக்கு. ஸ்பாரிங்குக்குத் தனிக் கம்பு கட்டுங்கள். உள்ளே மெல்லிய பிவிசி குழாய், வெளியே குளிரூட்டிக் குழாய்க்குச் சுற்றும் ஃபோம் உறை, அதன் மேல் துணி டேப். டேப்பை இழுத்துச் சுற்றினால் ஃபோம் அமுங்கிக் கெட்டியாகிவிடும், தளர்வாகச் சுற்றுங்கள்.

முனைதான் முக்கியம். குழாயின் வாயை மூடி போட்டு அடைத்து, அதற்கு மேல் குறைந்தது 5 செ.மீ. ஃபோம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூடாமல் விட்டால் குழாயின் விளிம்பு ஃபோமை உள்ளிருந்து வெட்டிக்கொண்டு ஒரு நாள் வெளியே வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் முனையை விரலால் அழுத்திப் பாருங்கள், விளிம்பு கையில் தட்டுப்பட்டால் அன்று அந்தக் கம்பு வேண்டாம். முகத்துக்கு வாள்வீச்சு விளையாட்டின் வலைக் கவசம், கைக்கு ஹாக்கி கையுறை. கம்பால் தொடும் ஆட்டத்துக்கு முதல் மாதம் முழங்காலும் முன்கையும் மட்டும் இலக்கு. குத்து வீச்சு முகத்தை நோக்கி வேண்டாம், கவசம் இருந்தாலும் கழுத்து திறந்திருக்கிறது.